ராணுவ உபரி 30-06 உறைகள்: ஒரு வாளி நிறைய வந்திருக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

ஏரிக்கரை_ஓஹையோ

எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் சிஎம்பி (பழைய ராணுவத் துப்பாக்கிகளை விற்கும் அமெரிக்க அமைப்பு) வழியாக ஒரு எம்1 கேரண்ட் வாங்கினேன், 30-06 தோட்டா போடும் பழைய அமெரிக்க ராணுவ ரைபிள். இதுவரை கடையில் வாங்கிய தோட்டாதான். சுட்ட உறையில் மருந்தும் குண்டும் வைத்து வீட்டில் நிரப்பிய (ரீலோடிங்) அனுபவம் என்றால் 9 மி.மீ. கைத்துப்பாக்கிக்கு மட்டும், மூன்று வருடமாக.

எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் காலமானார். அவர் மனைவி அவருடைய ரீலோடிங் சாமான்களைக் கிளப்பிலேயே பிரித்துக் கொடுத்துவிட்டார். என் பங்குக்கு ஐந்து காலன் வாளி ஒன்று வந்தது. வாளி முழுக்கச் சுட்ட 30-06 உறைகள் (தோட்டாவின் பித்தளைக் கூடு), எழுநூறுக்குக் குறையாது. எல்லாமே ராணுவ உபரி. அடியில் ஒரு பழைய தகர டப்பாவில் அறுபது சொச்சம் சுடாத தோட்டாக்கள். பிரிட்டிஷ் ராணுவ அளவான .303 உறைகள் இருபதும் கலந்து கிடக்கின்றன.

ஆசையில் மூன்று உறைகளை எடுத்து டையில் (உறையைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு) ஏற்றினேன். முதல் இரண்டிலும் பழைய பிரைமர் (உறையின் அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வெளியே வந்தது. ஆனால் புது பிரைமர் உள்ளே போக மறுக்கிறது, அழுத்தினால் ஓரம் நசுங்குகிறது. மூன்றாவதில், பழைய பிரைமரைத் தள்ளும் டீகேப்பிங் ஊசி உடைந்துபோனது. அதோடு நிறுத்திவிட்டேன். நான் எங்கே தவறு செய்கிறேன்?

பழையபித்தளை

நிறுத்தினீர்களே, அதுதான் சரி. டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன், இருபது வருடத்துக்கு மேலாக ராணுவ உறைகளோடுதான் என் சனிக்கிழமைகள் போகின்றன. உங்களுக்கு நடந்தது இரண்டு வெவ்வேறு விஷயங்கள்.

புது பிரைமர் போகாததற்குக் காரணம் கிரிம்ப். இயந்திரத் துப்பாக்கியில் சுடும்போது பிரைமர் பின்பக்கம் நழுவி வந்து பொறியில் சிக்கக் கூடாது. அதனால் ராணுவ ஆலைகளில் பிரைமரை வைத்த பிறகு குழியின் விளிம்பை வட்டமாக நசுக்கி இறுக்கிவிடுவார்கள். பழைய பிரைமரை ஊசி தள்ளி வெளியேற்றிவிடும், ஆனால் நசுங்கிய விளிம்பு அப்படியே இருக்கும். அதை எடுக்காமல் புது பிரைமர் போகாது. தயவுசெய்து பலவந்தமாக அழுத்த வேண்டாம். அது வெடிக்கும் பொருள்.

ஊசி உடைந்த உறை பெர்டன் வகை. டார்ச் அடித்து உறையின் வாய்வழியே உள்ளே பாருங்கள். நடுவில் ஒரே ஓட்டை இருந்தால் பாக்ஸர். நடுவில் ஒன்றுமில்லாமல் இரு பக்கமும் இரண்டு சின்ன ஓட்டைகள் இருந்தால் பெர்டன். பிரைமர் மோதி வெடிப்பதற்கான பட்டடை முனை பெர்டனில் உறையோடு சேர்ந்தே இருக்கும். உங்கள் ஊசி போய் முட்டியது அந்தப் பித்தளை மேட்டில்தான். பாக்ஸரில் அந்த முனை பிரைமருக்குள்ளேயே வந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெர்டன் ஒரு அமெரிக்கர், பாக்ஸர் வுல்விச்சில் இருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி. இரண்டு பேரும் 1860களில் தங்கள் வடிவமைப்பைக் கொண்டுவந்தார்கள். கடைசியில் அமெரிக்கர் கண்டுபிடித்தது ஐரோப்பாவில் நிலைத்தது, ஆங்கிலேயர் கண்டுபிடித்தது அமெரிக்காவில் நிலைத்தது. அதனால்தான் அமெரிக்க ராணுவ உறை நமக்குச் சுலபம். பெர்டன் முறையில் செய்த ஐரோப்பிய 30-06 கலந்திருந்தால் உங்கள் ஊசிக்கு நடந்த கதைதான்.

இன்று பிரஸ் (டையை மாட்டி அழுத்தும் கருவி) பக்கம் போகவே வேண்டாம். ஒரு மேசை, ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, பழைய ஐஸ்கிரீம் டப்பாக்கள் பத்து. உறையின் அடியில் உள்ள எழுத்தைப் படித்துப் பிரியுங்கள். எல்சி என்றால் மிசௌரியில் உள்ள லேக் சிட்டி. டிடபிள்யூ என்றால் ட்வின் சிட்டீஸ். எஃப்ஏ என்றால் பிலடெல்பியாவின் ஃபிராங்ஃபோர்ட் ஆர்செனல். டென் என்றால் டென்வர், எஸ்எல் என்றால் செயின்ட் லூயிஸ். ஹெச்எக்ஸ்பி கிரேக்கத்தில் செய்தது, ஆனாலும் பாக்ஸர்தான், ஒரு காலத்தில் சிஎம்பி ஏராளமாக விற்றது. பக்கத்தில் இருக்கும் இரண்டு இலக்கம் ஆண்டு. பிரித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஏரிக்கரை_ஓஹையோ

நன்றி அண்ணா. இரண்டு இரவு உட்கார்ந்து பிரித்தேன். எல்சி தான் அதிகம், பெரும்பாலும் 60களின் ஆண்டுகள். அடுத்தது ஹெச்எக்ஸ்பி. எஃப்ஏ, எஸ்எல், டென் என்று 42, 43, 44 போட்டவை நூற்றுக்கும் மேல். பெர்டன் நாற்பத்தொன்று, தனியே கட்டி வைத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். நிறைய எல்சி உறைகளில் கழுத்துப் பக்கம் நெருப்பில் காட்டியதுபோல நீலமும் பழுப்புமாகக் கறை இருக்கிறது. தேய்த்தாலும் போகவில்லை. கருகிப்போன உறையா? தூக்கி எறிந்துவிடலாமா?

அளவுகோல்

எறிந்துவிடாதே தம்பி! நல்ல வேளை கேட்டாய். அது ஆலையிலேயே விழுந்த நிறம். பித்தளையை இழுத்து இழுத்துக் கழுத்தைக் குறுக்கும்போது அது கெட்டித்துப்போகும். அப்படியே விட்டால் பெட்டியில் இருக்கும்போதே கழுத்தில் விரிசல் விழுந்துவிடும். அதனால் கடைசியில் கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்குவார்கள். வணிக நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. ஆனால் பளபளப்பாக இருந்தால்தான் விற்கும் என்று அந்த நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள். ராணுவம் தேய்க்காது, இளக்கியிருக்கிறார்கள் என்பதற்கு அந்த நிறமே கண்முன் அத்தாட்சி.

நான் மிச்சிகனில் ஒரு தொழிற்சாலையில் அளவீட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவள், அதனால் எல்லாவற்றையும் அளந்தே பழக்கம். கேரண்டுக்கு உறை தயாரிப்பதில் நான் விட்டுக்கொடுக்காத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

கிரிம்பை எடுக்க இரண்டு வழி. ஒன்று, எஃகு முனையால் விளிம்பை வெளிப்பக்கம் தள்ளி ஒதுக்குவது, அதாவது ஸ்வேஜ். மற்றொன்று, ரீமரால் சீவி எடுப்பது. நூறு உறை என்றால் சீவலாம். எழுநூறு என்றால் விரல் போய்விடும், ஸ்வேஜ் கருவி வாங்கிக்கொள். சீவும்போது ஆர்வக்கோளாறில் அதிகமாகச் சீவினால் பிரைமர் குழி தளர்ந்துவிடும், அந்த உறை அதோடு குப்பை. வேலை நல்லபடியாக முடிந்தால் இது ஒரே ஒரு தடவை செய்வது. அடுத்த முறை நிரப்பும்போது கிரிம்ப் இருக்காது.

அப்புறம், உறையின் சுவர் மெலிந்திருக்கிறதா என்பது. இந்த வாளி எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது என்று உனக்குத் தெரியாது. இயந்திரத் துப்பாக்கியில் சுட்டிருந்தால் உறை நன்றாக நீண்டிருக்கும். ஒரு மெல்லிய கம்பியின் நுனியைச் சின்னதாக வளைத்து, உறைக்குள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி உட்சுவரை வருடிப் பார். அடிப்பகுதி முடிந்து சுவர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே பள்ளம் தட்டினால் அந்த உறை அடுத்த சூட்டில் இரண்டாகும். வெளியே அதே இடத்தில் ஒரு வெளிர் வளையம் தெரிந்தாலும் அதே பொருள்தான். யோசிக்காமல் சுத்தியலால் நசுக்கிவிடு.

30-06 உறையின் அதிகபட்ச நீளம் 2.494 அங்குலம், வெட்டிய பின் 2.484. கேரண்டுக்கு முழுநீள சைசிங் (உறை முழுவதையும் டையில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவருவது) கட்டாயம், கழுத்து மட்டும் சைஸ் செய்வதெல்லாம் இதில் நடக்காது. ஒவ்வொரு உறையையும் கேஸ் கேஜில் (உறையின் அளவு பார்க்கும் கருவி) போட்டுப் பார்.

கடைசியாகச் சொல்வதைத்தான் நீ முதலில் நினைவில் வைக்க வேண்டும். கேரண்டின் ஃபயரிங் பின்னை (பிரைமரை அடிக்கும் ஊசி) பிடித்து வைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) பாய்ந்து மூடும்போது அந்தப் பின் தன் வேகத்திலேயே முன்னால் வந்து பிரைமரைத் தொடும். உன் கேரண்டில் சுட்டு அல்ல, வெறுமனே ஒரு தோட்டாவை ஏற்றி இறக்கினாலே பிரைமரில் சின்னப் புள்ளி விழுந்திருப்பதைப் பார்க்கலாம். பிரைமர் அடிப்பரப்புக்கு மேலே துருத்தியிருந்தாலோ, மிக மென்மையான பிரைமராக இருந்தாலோ, போல்ட் முழுதாகப் பூட்டும் முன்பே வெடிக்க வாய்ப்புண்டு. ஆகவே ஒவ்வொரு பிரைமரும் பரப்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். விரல் நுனியால் ஒவ்வொன்றையும் தடவிப் பார். சிசிஐ 34 என்று ராணுவக் கடினத்தன்மையில் ஒரு பிரைமர் வருகிறது, நான் கேரண்டுக்கு அதைத்தான் வாங்குகிறேன்.

வேதியியல்_வாத்தியார்

42, 43, 44 போட்ட உறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து அமெரிக்க ராணுவ 30-06 பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைடு. நம் சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. உப்பு என்ன செய்யுமோ அதைத்தான் இதுவும் செய்யும்: காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். 1950களின் முற்பகுதியில்தான் ராணுவம் இதிலிருந்து விலகியது. சில மேட்ச் (போட்டிக்கான) தோட்டாக்களில் அதற்குப் பிறகும் இருந்தது. எம்1 கார்பைன் (கேரண்ட் அல்ல, வேறொரு சிறிய துப்பாக்கி) தோட்டாக்கள் மட்டும் ஆரம்பத்திலிருந்தே அரிக்காத பிரைமரோடு வந்தவை, ஏனென்றால் அந்தக் கார்பைனின் கேஸ் (வாயு) பிஸ்டனைப் படைவீரன் கழற்றிச் சுத்தம் செய்ய முடியாது.

பழைய உறைகளைக் குழியோடு வெந்நீரில் நன்றாக அலசுங்கள். உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. துப்பாக்கிக்கும் இதே விதிதான். தகர டப்பாவில் இருக்கும் அந்த அறுபதைச் சுட நேர்ந்தால் அன்றைக்கே குழலையும் கேஸ் சிலிண்டரையும் வெந்நீரில் கழுவி, துடைத்து, காயவைத்து, அப்புறம் எண்ணெய் போடுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம்தான் வேண்டும் என்று பலர் சொல்வார்கள். அதில் வேலை செய்வது தண்ணீர்தான். வெறும் எண்ணெயை மட்டும் தடவிவிட்டு நிம்மதியாகத் தூங்கி, ஒரு வாரத்தில் குழல் சிவந்துபோனவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் குழந்தைகள் உண்டா? இன்றைய பிரைமர்களில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட உறைகளைச் சோளக்கருது தூளில் போட்டு உருட்டினால் அந்த ஈயம் தூசியாகப் பறக்கும். நான் எஃகு ஊசிகளோடு தண்ணீரில்தான் உருட்டுகிறேன். கையுறை போட்டுக்கொள்வேன். அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றுவதில்லை. வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் மற்றதைத் தொடுவேன்.

ஏரிக்கரை_ஓஹையோ

நான்கு வயதுப் பெண் இருக்கிறாள் சார். இதுவரை கராஜில் சோளத்தூளில்தான் உருட்டிக்கொண்டிருந்தேன், கதவும் திறந்தே இருக்கும். இன்றே நிறுத்துகிறேன். இதை எனக்கு யாரும் சொன்னதில்லை.

லோங்பிராஞ்ச்_303

வணக்கம் தம்பி, ரொறன்ரோவில் இருந்து. அந்த இருபது .303 உறைகளை என்ன செய்யப் போகிறீர்கள்? எறிவதாக இருந்தால் அடியில் உள்ள எழுத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள், எனக்கு அதில் பெரிய விருப்பம்.

நான் பாவிப்பது 1943ஆம் ஆண்டு லீ-என்ஃபீல்ட் நம்பர் 4, இங்கே லோங் பிராஞ்சில் செய்தது. போர்க்காலத்தில் அந்த ஆலையில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட துவக்குகள் செய்தார்கள். அதன் பரிசோதனைக் கட்டடம் மிசிசாகாவில் இன்னும் நிற்கிறது, இப்போது கலை நிகழ்ச்சிகள் நடக்கும் இடம். என் வீட்டிலிருந்து அரை மணித்தியாலம். துவக்கோடு அங்கே போக முடியாது, ஆனால் சும்மா போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வருவேன்.

அக்கா சொன்ன உறை இரண்டாகும் விஷயம் எனக்கு நடந்தது. நல்ல உறைகள், நான்காவது தரம் நிரப்பியது. சுட்டேன், போல்ட்டை இழுத்தேன், உறையின் அடிப்பாதி மட்டும் வந்தது. மேல்பாதி சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறை) இறுகிவிட்டது. அடுத்த தோட்டா பாதி போய் நின்றது. எனக்குக் காயம் இல்லை, கண்ணாடி போட்டிருந்தேன். ஆனால் கை நடுங்கியது, அன்றைக்குப் பிறகு ஒன்றும் சுடவில்லை.

பிழை என்னுடையது. .303 உறைக்கு அடியில் விளிம்பு உண்டு, அந்த விளிம்புதான் உறையைப் பின்னால் தாங்குகிறது. உறையின் தோள்ப் பக்கம், அதாவது கழுத்தை நோக்கிக் குறுகும் இடத்தில், சேம்பரில் தாராளமாக இடம் விட்டிருப்பார்கள், சேறும் மண்ணும் பட்ட தோட்டாவும் உள்ளே போகவேண்டும் என்று. சுட்டவுடன் உறை முன்னால் நீண்டு அந்த இடத்தை நிரப்பும். நான் ஒவ்வொரு தரமும் முழுநீள டையில் போட்டு அந்தத் தோளைப் பழையபடி பின்னே தள்ளிக்கொண்டிருந்தேன். மறுபடி சுட, மறுபடி நீள. ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி உடைப்பது மாதிரி. இப்போது கழுத்தை மட்டும்தான் சைஸ் பண்ணுகிறேன். என் துவக்கின் சேம்பருக்கு ஏற்ப உறை தானே அமைந்துவிட்டது. போல்ட் துவக்கு என்றபடியால் இது சரிவரும், கேரண்டுக்குச் சரிவராது. புது உறையை முதல் தரம் சுடும்போது விளிம்புக்கு முன்னால் சின்ன ரப்பர் வளையம் ஒன்று போடுவேன், அது உறையைப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொள்ளும். இப்படிச் செய்யத் தொடங்கியபின் ஒன்றும் அறுந்ததில்லை.

ஏரிக்கரை_ஓஹையோ

அண்ணா, .303 இருபதையும் பார்த்துவிட்டேன். எல்லாமே பெர்டன். பலவற்றில் ஆண்டுக்கு மேலே ரோமன் ஏழு. நான்கில் கே, எஃப் என்ற எழுத்துகள், நடுவில் ஒரு அம்புக்குறி.

குன்னூர்க்காரன்

அந்த நான்கை மட்டும் எறியாதீர்கள். கே எஃப் என்றால் கிர்க்கி, புனே பக்கத்தில் உள்ள கட்கி வெடிபொருள் தொழிற்சாலை. இந்திய உறை.

நான் படித்ததெல்லாம் குன்னூரில். மலை ரயிலில் ஊட்டிக்குப் போகும்போது வெலிங்டனுக்கு அடுத்த நிலையம் அருவங்காடு. அங்கே இருக்கும் கார்டைட் ஃபேக்டரியின் சங்கொலியை வைத்துத்தான் எங்கள் வீட்டில் நேரம் பார்ப்போம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கியது. .303 தோட்டாவுக்குள் இருக்கும் மருந்துதான் கார்டைட். அது தூள் கிடையாது. சேமியாவைக் கட்டாகக் கட்டி வைத்ததுபோல நீளமான இழைகள். ஆரம்பகாலக் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். சூடு தாங்காமல் குழல்கள் சீக்கிரம் தேய்ந்ததால் பின்னால் அதை 30 சதவீதமாகக் குறைத்தார்கள்.

இந்த இழைக்கட்டைச் .303 உறையின் குறுகிய கழுத்து வழியே எப்படி நுழைத்தார்கள் என்று சின்ன வயதில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் அந்தத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நுழைப்பதே இல்லையாம். உறையின் கழுத்து குறுகுவதற்கு முன்பே, நேரான குழாயாக இருக்கும்போதே இழைகளை வைத்துவிட்டு, அதன்பிறகு கழுத்தைக் குறுக்குவார்களாம். மருந்து நிறைந்த உறையை இயந்திரத்தில் நசுக்குவது! அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தச் சங்கொலி எனக்கு வேறு மாதிரி கேட்டது.

அந்த நான்கு உறைகளில் இருந்த இழைகள் எங்கள் ஊரிலிருந்து போயிருக்கலாம். தபால் செலவு நான் தருகிறேன், லோங்பிராஞ்ச் அண்ணனுக்கு இரண்டு, எனக்கு இரண்டு?

லோங்பிராஞ்ச்_303

நாலையும் நீங்களே வையுங்கள் தம்பி. எனக்குப் படம் போதும்.

எப்படியும் அந்த உறைகளை நிரப்பிச் சுடுவது என்ற எண்ணமே வேண்டாம். பெர்டன் என்பது ஒன்று. பழைய .303 பிரைமரில் பாதரசச் சேர்மமும் இருந்தது. அது சுட்ட பிறகு பித்தளைக்குள் ஊறி அதை மொறுமொறுவென்று ஆக்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வைகைவாசி

மதுரையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே ரைபிள் கிளப்பில் .22 மட்டும் சுட்டிருக்கிறேன். இதையெல்லாம் நம் ஊரில் வீட்டில் செய்யலாமா?

பழையபித்தளை

கூடாது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம். .303 தடைசெய்யப்பட்ட வகை, தனிமனிதர்களுக்கு அது கிடைக்காது. அங்கே அதற்கு மாற்றாகத்தான் .315 ரைபிள் வந்தது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப மத்திய உரிமம் தேவையில்லை. விற்பதற்கென்று செய்தால் உரிமம் வேண்டும். மாநிலச் சட்டம் தனி. படித்துத் தெரிந்துகொள்ளுங்கள், அதில் தவறில்லை. கை வைக்காதீர்கள்.

ஏரிக்கரை_ஓஹையோ

தகர டப்பாவுக்கு வருகிறேன். 64 தோட்டாக்கள் இருந்தன. 51இல் குண்டின் நுனி சாதாரணச் செம்பு நிறம். 9இல் கறுப்பு. 4இல் சிவப்பு. சாதாரணமானவற்றில் சிலவற்றின் கழுத்தில் பச்சை பூத்திருக்கிறது. இவற்றைப் பிரித்து மருந்தையும் குண்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பழையபித்தளை

கறுப்பு என்றால் கவசம் துளைக்கும் குண்டு. சிவப்பு ட்ரேசர், அதன் அடியில் எரியும் கலவை இருக்கிறது. சுத்தியல் மாதிரி தட்டிப் பிரிக்கும் கருவியில் ட்ரேசரையோ, நீல நுனியையோ, வெள்ளி நுனியையோ ஒருநாளும் போடாதீர்கள். நீலமும் வெள்ளியும் தீப்பற்ற வைக்கும் வகை. பெரும்பாலான மைதானங்களில் இவை எதையும் சுட விடமாட்டார்கள், எஃகுத் தட்டு பாழாகும், காய்ந்த புல் பற்றும். யாராவது சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

மீதி 51இலிருந்து குண்டையும் உறையையும் எடுங்கள். மருந்தை எடுத்துத் திரும்ப நிரப்பாதீர்கள்.

நெடுந்தொலைவு

இதில் நான் உடன்படவில்லை. அரிசோனாவில் காய்ந்த காற்றில் சேமித்த 50களின் மருந்து இன்றும் புதிது மாதிரி எரிகிறது. நான் மேட்ச் சுடும் காலத்தில் எங்கள் அணியில் பாதிப் பேர் மெக்சிகன் மேட்ச் என்ற முறையில்தான் பழகினோம். ராணுவத் தோட்டாவிலிருந்து குண்டை மட்டும் உருவிவிட்டு, அதே எடையில் நல்ல மேட்ச் குண்டை அதே உறையில், அதே மருந்தின்மேல் வைப்பது. மருந்தை வெளியே கொட்டுவதே இல்லை. இலக்கில் குண்டுகள் விழும் பரப்பு பாதியாகச் சுருங்கும். எத்தனையோ ஆயிரம் சுட்டிருக்கிறேன், ஒரு பிரச்சினையும் இல்லை. இருக்கும் பொருளை ஏன் வீணாக்க வேண்டும்?

பழையபித்தளை

நீங்கள் செய்தது ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி), முத்திரை உடையாத பெட்டி, ஒரே எடைக் குண்டு. அதை நான் குறை சொல்லவில்லை, நானும் செய்திருக்கிறேன். இவர் கையில் இருப்பது மூடியில்லாத டப்பாவில் ஓஹையோ ஈரத்தில் எத்தனை வருடம் கிடந்தது என்று தெரியாத 51 தோட்டாக்கள், வெவ்வேறு ஆலை, வெவ்வேறு ஆண்டு.

ராணுவ ஆலை ஒவ்வொரு லாட் மருந்துக்கும் சோதித்துப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ளும். 4895 என்று ஒரே மருந்தின் பெயர் இருந்தாலும் இந்த லாட்டும் அந்த லாட்டும் ஒன்றல்ல. இன்று கடையில் கிடைக்கும் ஐஎம்ஆர் 4895உம் ஹாட்ஜ்டன் 4895உம்கூட ஒன்றுக்கொன்று மாற்றி அளக்கக் கூடாதவை. வடிவத்தைப் பார்த்து மருந்தை அடையாளம் காண முடியாது, ஒரே நிறத்தில் ஒரே மாதிரி குச்சிகளாக எத்தனையோ உண்டு. பெயர் தெரியாத மருந்துக்கு எந்தப் புத்தகத்திலும் அளவு கிடையாது.

கழுத்தில் பச்சை வேறு பூத்திருக்கிறது. உள்ளிருந்து அமிலம் கசிந்தும் அப்படி ஆகலாம். நைட்ரோசெல்லுலோஸ் கெடத் தொடங்கினால் அதிலிருந்து வரும் அமில வாயு மீதி மருந்தையும் கெடுக்கும், பித்தளையையும் உள்ளிருந்து தின்னும். பிரிக்கும்போது மூக்கைச் சுளிக்க வைக்கும் புளித்த வாடையோ, துருப்பொடி மாதிரி செம்பழுப்புத் தூசியோ கண்டால் அந்த உறையையும் சேர்த்துக் கழியுங்கள். நல்ல மருந்தும் வீணாகப் போகாது, மெல்லியதாகப் புல்தரையில் தூவிவிடுங்கள், அதில் நைட்ரஜன் இருக்கிறது. எங்கள் வீட்டுத் தோட்டத்தில் அப்படித்தான்.

நெடுந்தொலைவு

திறந்து கிடந்த டப்பா என்பதைச் சரியாகக் கவனிக்கவில்லை. அப்படியென்றால் நீங்கள் சொல்வதே சரி, நான் சொன்னதை இவர் பின்பற்ற வேண்டாம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: குண்டு கழுத்தில் கறுப்புத் தார்ப்பூச்சால் ஒட்டியிருக்கும். நேராக இழுத்தால் வராது. குண்டை உறையில் வைக்கும் சீட்டிங் டையால் முதலில் ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி ஒட்டை உடைத்துவிட்டு, பிறகு குண்டைக் கவ்வி இழுக்கும் காலெட் புல்லரால் இழுங்கள்.

ஏரிக்கரை_ஓஹையோ

இருவருக்கும் நன்றி. புது மருந்து வாங்குகிறேன். கேரண்டுக்கு எது?

அளவுகோல்

கேரண்டில் கேஸ் (வாயு) எடுக்கும் துளை குழலின் நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மெதுவாக எரியும் மருந்து போட்டால் குண்டு அந்தத் துளையைத் தாண்டும்போதும் அழுத்தம் அதிகமாக இருக்கும், அது நீளமான ஆப்பரேட்டிங் ராடில் (போல்ட்டைப் பின்னால் தள்ளும் தண்டு) மோதி நாளடைவில் அதை வளைத்துவிடும். நல்ல ராடைத் தேடி வாங்குவது இப்போது கஷ்டம். நடுத்தர வேக மருந்துகள்தான் இதற்கு ஏற்றவை. 4895 அந்தத் துப்பாக்கியின் பழைய எம்2 தோட்டாவிலேயே இருந்தது. போர் முடிந்ததும் அரசு உபரியாக வந்த அந்த 4895ஐ வாங்கி விற்றுத்தான் புரூஸ் ஹாட்ஜ்டன் தன் தொழிலையே தொடங்கினார்.

அளவு என்னிடம் கேட்காதே, இணையத்தில் யாரிடமும் கேட்காதே. புது ரீலோடிங் புத்தகங்களில் கேரண்டுக்கென்று தனிப் பட்டியல் போட்டிருப்பார்கள், சாதாரண 30-06 பட்டியல் வேறு. அதில் தொடக்க அளவிலிருந்து ஆரம்பி. சில ராணுவ உறைகள் கொஞ்சம் கனமானவை, உள்ளே இடம் குறைவு. அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். எல்சி, ஹெச்எக்ஸ்பி இரண்டிலும் பத்துப் பத்து உறைகளை எடைபோட்டு எழுதி வைத்துக்கொள், கலக்காதே.

ஏரிக்கரை_ஓஹையோ

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

போர்க்கால உறைகள் எல்லாவற்றையும், சுவரில் பள்ளம் தட்டிய எல்சி முப்பத்தெட்டையும் பழைய பித்தளைக் கடையில் போட்டுவிட்டேன், நசுக்கிய பிறகுதான். கம்பியால் வருடிப் பார்த்தபோது முதலில் ஒன்றும் புரியவில்லை. ஐம்பதாவது உறையில் ஒரு பள்ளம் தட்டியது பாருங்கள், அதன்பிறகு விரலுக்குத் தானாகவே தெரிந்துவிட்டது. அந்த உறையை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். சுவர் காகிதம் மாதிரி இருந்தது.

ஹெச்எக்ஸ்பி உறைகளில் மட்டும் முதலில் நாற்பது நிரப்பினேன். ஒவ்வொரு பிரைமரையும் தடவிப் பார்த்தேன், இரண்டு துருத்தியிருந்தன, ஒதுக்கி வைத்தேன். போன சனிக்கிழமை மைதானத்துக்குப் போனேன். முதல் இரண்டையும் கிளிப் (எட்டுத் தோட்டாக்களைப் பிடித்துவைக்கும் தகடு) இல்லாமல் ஒவ்வொன்றாக வைத்துச் சுட்டேன். உறை நல்லபடியாக வெளியே விழுந்தது, அடியில் பிரைமர் தட்டையாகவில்லை. அப்புறம் எட்டு ஏற்றினேன். கடைசிச் சூட்டில் கிளிப் டிங் என்று பறந்தபோது பக்கத்து மேடையில் இருந்த பெரியவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வாளி கொடுத்த அம்மாவும் அன்றைக்குக் கிளப்புக்கு வந்திருந்தார். அவருடைய கணவர் சேர்த்த பித்தளை என்று சொல்லி ஒரு காலி உறையைக் கையில் கொடுத்தேன், கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கிர்க்கி உறைகள் நான்கும் நேற்றுத் தபாலில் போய்விட்டன குன்னூர் அண்ணா. வந்ததும் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன்

வந்துவிட்டன தம்பி. ஒன்றில் 41 என்று போட்டிருக்கிறது. தாத்தா வேலைக்குச் சேர்வதற்கு ஆறு வருடம் முன்பு.